லெப்டொப் யாரிட்டக் கிடக்கு?

குழு: நம்மட குடும்பம்
செவ்வாய்க்கிழமை

காலை 6.10

மாமி: [ரோசாப்பூப் படம், இனிய காலை வணக்கம்]

பெரியக்கா: எல்லாருக்கும் வணக்கம். நேற்று அதிபர் ஒரு கடிதம் தந்தார். வருகிற சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் டவுனில் தொழினுட்பப் பயிற்சியாம். ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கும் கட்டாயம். லெப்டொப் கொண்டு வரச் சொல்லி எழுதியிருக்கிறது. தம்பி கனடாவிலிருந்து அனுப்பின லெப்டொப் இப்ப யாரிட்டக் கிடக்கு?

சின்னக்கா: திங்களா??

சின்னக்கா: திங்கள் நம்மட கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு

பெரியக்கா: அதுதான் எனக்கும் யோசனை

குட்டியண்ணன்: இன்று இரவு கோயில் கதவு திறக்கிறது. எல்லாரும் நேரத்துக்கு வரவும். இந்த வருடக் கோயில் வரி இன்னும் மூன்று வீடு தரவில்லை. பெயர் போட விருப்பமில்லை 🙏

சின்னக்கா: இந்தக் குழுவில் ஊரில் இருக்கிறதே நாலு வீடு

நிரோ: 😂

கனடாத் தம்பி: அந்த லெப்டொப் அக்காட மகன் ஏ.எல். தொழினுட்பப் பிரிவு எடுத்ததுக்காக அனுப்பினது. அவனிடம் இல்லையா?

பெரியக்கா: அவன் சோதனை எழுதி முடித்துக் கட்டாருக்கும் போய்விட்டான் மனே. நீ எந்த உலகத்தில் இருக்கிறாய்

கடைக்குட்டி: என்னிட்டத்தான் இருக்கு. ஒப்பீஸ் வேலைக்கு எடுத்தது.

சின்னக்கா: வீட்டோடு சேர்த்து அதையும் சீதனத்தில் எழுதியாச்சோ

கடைக்குட்டி: அக்கா விடியக் காலையிலேயே தொடங்காதீங்க

சின்னக்கா: பகிடிக்குச் சொன்னது

கடைக்குட்டி: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

நிரோ: சின்னம்மா நான் வாசித்துவிட்டேன்

கடைக்குட்டி: நீ கெம்பஸுக்குப் போ

காலை 6.40

மாமி: [பலமுறை பகிரப்பட்டது] அவசரம்!! இம்முறை தொழினுட்பப் பயிற்சிக்குச் சமூகமளிக்காத ஆசிரியர்களுக்குச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும். 55 வயதுக்கு மேற்பட்டு கணினி தெரியாதவர்கள் கட்டாய ஓய்வு. எல்லா ஆசிரியர் குழுக்களுக்கும் பகிரவும்.

பெரியக்கா: ஐயோ

மாஸ்டர் மாமா: இதை அனுப்பினவர் எனக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். அவருக்கு வாயால் சொல்லியாயிற்று. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். சுற்றறிக்கை என்றால் இலக்கம் இருக்கும், திகதி இருக்கும், கையொப்பம் இருக்கும், யார் ஊடாக யாருக்கு என்று இருக்கும். இதில் இருப்பது இரண்டு ஆச்சரியக்குறியும் "பகிரவும்" என்ற சொல்லும் மட்டும். ஒருவரை ஓய்வில் அனுப்ப வட்ஸ்அப் போதாது. பெரியபுள்ள பயப்பட வேண்டாம். ஆனால் பயிற்சிக்குப் போக வேண்டும். பயத்தில் போவது வேறு, தேவைக்குப் போவது வேறு.

மாமி: எனக்கு அனுப்பினது உங்கட தங்கச்சிதான்

பெரியக்கா: போக மாட்டேன் என்று நான் சொல்லவில்லை மாமா. போன தடவை போய் என்ன கண்டோம்? மண்டபம் நிறைய ஆட்கள், ஆறு கணினி, அதில் இரண்டு திறக்கவே இல்லை. பின் வாங்கிலில் இருந்து சேருடைய முதுகைத்தான் பார்த்தேன். திரையில் கூகுள் கிளாஸ்ரூம் என்கிற ஒன்லைன் வகுப்பறைப் படம் ஓடுகிறது, எழுத்து எறும்பு அளவு. பின்னேரம் சான்றிதழ்.

சின்னக்கா: சாப்பாடு நல்லம்

பெரியக்கா: அது நல்லம்தான்

கனடாத் தம்பி: என்ன சாப்பாடு?

சின்னக்கா: கோழிப் புரியாணி. பொறாமைப்படாதே

மாஸ்டர் மாமா: பெரியபுள்ள சொல்வது சரி. நான் கணினி வள நிலையத்தில் இருந்த காலத்திலும் இதைத்தான் சொன்னேன். கையை விசைப்பலகையில் வைக்காத பயிற்சி பயிற்சி இல்லை. ஒரு கணினிக்கு இரண்டு பேர், அதற்கு மேல் போனால் மூன்றாவது ஆள் போன் பார்ப்பார். இந்தத் தடவை லெப்டொப் கொண்டு வரச் சொன்னதே அதனால்தான் என்று நினைக்கிறேன். லெப்டொப் இல்லாதவர் என்ன செய்வது என்று கடிதத்தில் இருக்கிறதா?

பெரியக்கா: இல்லை

நிரோ: பெரியம்மா உங்களுக்குக் கணினி தெரியாது என்று யார் சொன்னது? 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடின நேரம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் குரல் பதிவிலேயே பாடம் நடத்தினீங்களே. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்

பெரியக்கா: அது வேறு புள்ள. வாவி கடந்து பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால என்ட பிள்ளைகளின் வீட்டில் ஒரு போன்தான், அதுவும் தகப்பனிடம். தகப்பன் வேலையால் வந்து இரவு ஒன்பது மணிக்குத்தான் கொப்பியைப் படம் எடுத்து அனுப்புவார். பாதிப் படத்தில் குப்பி விளக்கு நிழல். நான் திருத்திக் குரலில் சொல்லுவேன். அதற்கு ஸூம் எல்லாம் வேண்டியிருக்கவில்லை.

சின்னக்கா: ஸூம் 40 நிமிடத்தில் தன்பாட்டில் வெட்டும். அதுதான் அதில் நல்ல விசயம்

மாஸ்டர் மாமா: இலவசக் கணக்கில்தான் வெட்டும்.

சின்னக்கா: தெரியும் மாமா

காலை 7.15

கடைக்குட்டி: இதையும் கேளுங்க. எங்களுக்கும் கடிதம் வந்திருக்கு. அலுவலக ஊழியர்களுக்குத் திங்கள் ஒரு நாள். எனக்கும் லெப்டொப் வேண்டும்

பெரியக்கா: அப்ப?

கடைக்குட்டி: அதோடு இனி அனுப்புகிற கடிதம் எல்லாம் யுனிகோடில்தான் வேண்டும் என்று அதிபர் சொல்கிறார். நான் பாமினியில்தான் பழகினது. பள்ளிக்கூடத்து வினாத்தாள் எல்லாம் பாமினி. இனி முதலில் இருந்து தட்டுவதா?

சின்னக்கா: மாமா வரப் போகிறார்

மாஸ்டர் மாமா: இது முக்கியமான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பாமினி என்பது எழுத்துரு மட்டும்தான். நீங்கள் "அம்மா" என்று அடித்தால் கணினி உள்ளே தமிழைச் சேமிப்பதில்லை. அது சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளை. பாமினி அதற்கு மேலே மாட்டிய சட்டை. சட்டை இல்லாத கணினியில் திறந்தால் உள்ளே இருக்கிற ஆங்கிலம் தெரியும். கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பின கடிதம் "ஏதோ கிறுக்கல் வந்திருக்கு" என்று திரும்பி வருவது இதனால்தான். போனிலும் இதே கதை. கோப்புக்குள் ஒரு பிள்ளையின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடினாலும் அகப்படாது, ஏனென்றால் உள்ளே தமிழ் இல்லை. யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் சொந்த இலக்கம் உண்டு. எந்த எழுத்துருவை மாற்றினாலும் அ அகரமாகவே இருக்கும்.

நிரோ: 👏

கடைக்குட்டி: விளங்குது மாமா. ஆனா கை பாமினியில்தானே ஓடுது

மாஸ்டர் மாமா: அதற்கும் வழி இருக்கிறது. இ-கலப்பை என்று ஒரு இலவச மென்பொருள். அதில் பாமினி விசை ஒழுங்கைத் தெரிவு செய்தால் உன் கை பழகினபடியே ஓடும், விழுவது யுனிகோட் எழுத்தாக இருக்கும். இலங்கைத் தர விசைப்பலகை ரெங்கநாதன் ஒழுங்கு, பயிற்சியில் அதைத்தான் காட்டுவார்கள் என்று நினைக்கிறேன். இந்த வயதில் விரலை மாற்றச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்.

கடைக்குட்டி: இந்த வயதிலா??

சின்னக்கா: 🤣🤣

கனடாத் தம்பி: மாமா வசமாக மாட்டினார்

மாஸ்டர் மாமா: பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் எழுத்துரு மாற்றி என்று ஒரு கருவி இருக்கிறது. ஒட்டினால் ஒரே நொடியில் யுனிகோட்.

சின்னக்கா: கணித வினாத்தாளை மட்டும் அதில் போடாதீங்க. நான் போட்டுப் பார்த்தேன். பாமினியில் எக்ஸ் அடித்தால் ஒ, வை அடித்தால் ல. இரண்டு எக்ஸ் கூட்டல் வை என்று இருந்தது "2ஒ+ல" என்று வந்தது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அதையும் சுருக்கியிருப்பார்கள்

நிரோ: 2ஒ+ல 😂😂 இதை ரீசேர்ட்டில் அடிக்க வேணும்

மாஸ்டர் மாமா: ஓம், ஆங்கிலமும் கலந்திருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். தமிழ்ப் பந்தியை மட்டும் தனியாக எடுத்து மாற்ற வேண்டும்.

குட்டியண்ணன்: வரி?

காலை 7.50

பெரியக்கா: மாமா இது எல்லாம் ஒப்பீஸ் ஆட்களுக்கு. எனக்கு என்ன தேவை என்று நான் சொல்லட்டா? என்ட வகுப்பில் வாசிக்க முடியாத பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு எழுத்தைக் காட்டி ஒலியைப் போட்டு, திரும்பத் திரும்பக் கேட்க வைக்க ஒன்று செய்ய வேண்டும். அதை நானே செய்யப் பழகினால் போதும். கிளாஸ்ரூமில் சேர எங்கட பிள்ளைகளுக்கு ஜிமெயிலும் இல்லை ஒன்றும் இல்லை

நிரோ: பெரியம்மா அது பவர்பொயின்டிலேயே செய்யலாம். ஒரு எழுத்து, ஒரு படம், உங்கட குரல். வெள்ளிக்கிழமை நான் வந்து காட்டுகிறேன். அரை மணித்தியாலம்

பெரியக்கா: அப்படி என்றால் மூன்று நாள் எதற்கு

மாஸ்டர் மாமா: அந்தக் கேள்வியைப் பயிற்சியில் எழும்பிக் கேள். "எனக்கு இது வேண்டும், செய்து காட்டுங்கள்" என்று கேட்கிற ஆள் இருந்தால் நடத்துகிறவருக்கும் ஸ்லைட்டை மூட வேண்டி வரும். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்திலும் தமிழ் மொழிப் பாடங்கள் இருக்கின்றன, அதையும் திறந்து காட்டச் சொல்.

சின்னக்கா: அக்கா எழும்பிக் கேட்பாவா. வீட்டுப் பங்கு பிரிக்கிற அன்றே கேட்கவில்லை

பெரியக்கா: நீ அதை விடு கா

கடைக்குட்டி: சின்னக்கா உங்களுக்கு என்னதான் பிரச்சினை? அம்மா கடைசி மட்டும் என்னோடுதான் இருந்தவ. கடைசிப் பிள்ளைக்குத் தாய்வீடு, இது ஊர் வழக்கம்

சின்னக்கா: வழக்கத்தை நான் ஒன்றும் சொல்லவில்லை. லெப்டொப் எந்த வழக்கம்

கனடாத் தம்பி: நான் இன்னொன்று அனுப்பவா? இதோடு முடியட்டும்

பெரியக்கா: வேண்டாம். அதுவும் அங்கேதான் போகும் 😀

கடைக்குட்டி: பெரியக்கா நீங்களுமா

காலை 8.20

குட்டியண்ணன்: திங்கள் விடிய குளிர்த்தி முடிந்துவிடும். அதற்குப் பிறகு கல்முனை பஸ்ஸில் ஏறினால் ஒன்பது மணிக்கு டவுனில் நிற்கலாம். நித்திரை இல்லாமல் போக வேண்டியதுதான்.

சின்னக்கா: கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் லேசாகச் சொல்லுவார். பாத்திரம் கழுவுகிறது யார்

மாமி: வலயக் கல்வி அலுவலகத்தில் நம்மட ஆட்கள் இல்லையா? வைகாசித் திங்களில் பயிற்சி வைக்கிறதா

மாஸ்டர் மாமா: பெரியபுள்ள அதிபரிடம் எழுத்தில் கேட்கட்டும். திங்கள் ஒரு நாளை மட்டும் பிந்திய தொகுதியோடு செய்யலாமா என்று. வாயால் கேட்டால் வாயால்தான் மறுமொழி வரும்.

பெரியக்கா: சரி. இன்றைக்குக் கேட்கிறேன். அப்ப சனி, ஞாயிறு லெப்டொப் எனக்கு, திங்கள் தங்கச்சிக்கு. சரிதானே?

கடைக்குட்டி: திங்கள் உங்களுக்கு லீவு கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால்?

பெரியக்கா: அப்ப பார்ப்போம்

நிரோ: என்ட லெப்டொப்பைத் திங்கள் தரலாம், ஆனா பேட்டரி இருபது நிமிடம்

மாஸ்டர் மாமா: இன்னொரு விசயம். கனடா லெப்டொப்பின் சார்ஜர் தட்டைப் பின். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. சார்ஜர் பெட்டியின் பின்னால் 100-240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை, பின்னை மாற்றுகிற அடப்டர் மட்டும் போதும். மண்டபத்தில் சதுரப் பின் துளையா உருண்டைப் பின் துளையா என்று முதலே கேட்டு வைக்கவும். நீட்டு வயர் ஒன்றும் கொண்டு போகவும். ஜிமெயில் பாஸ்வேட்டை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகவும், அதை மறந்தவர்களால்தான் முதல் நாள் பாதி போகிறது.

கடைக்குட்டி: மாமா சார்ஜர் என்னிட்ட இல்லை

பெரியக்கா: என்ன?

கடைக்குட்டி: பழைய சார்ஜரில்தான் ஓட்டுகிறேன், அது சூடாகும். நல்லது சின்னக்கா வீட்டில். நிரோ ஏ.எல். எடுக்கிற நேரம் கொண்டு போனது

நிரோ: அம்மா அது அலுமாரிக்கு மேல இருக்கு

கனடாத் தம்பி: 😂😂😂

குட்டியண்ணன்: வீட்டோடு சேர்த்து அதையும் எழுதியாச்சோ

சின்னக்கா: பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, பிறகு பேசுவோம்

பெரியக்கா: சார்ஜரை யார் வாங்கி வருவது?

குட்டியண்ணன்: இரவு கோயிலுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. வரியையும்

மாமி: [பலமுறை பகிரப்பட்டது] இரவில் போனைத் தலைக்குப் பக்கத்தில் சார்ஜ் போடுகிறவர்கள் கவனத்திற்கு!!

மாஸ்டர் மாமா: இதற்கும் எழுத வேண்டும். மத்தியானம் எழுதுகிறேன்.