வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுவது மட்டும் கண்ணில் படாமல் வைக்க வழி உண்டா?

கேள்வி: மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் எங்கள் கோவில் காவடி ஏற்பாட்டுக் குழு, ஆண்ட்ராய்டு போன். பெரியவர் ஒருவர் எது போட்டாலும் வாக்குவாதத்தில்தான் முடிகிறது. அவரை பிளாக் செய்தேன், குழுவில் அவர் எழுதுவது இன்னும் வருகிறது. கொடியேற்ற நேரம், பால்குட வரிசை எல்லாம் அங்கேதான் சொல்வார்கள். அதனால் வெளியேறவும் முடியாது.

பதில் 1: பிளாக், தனிச் செய்திக்கும் அழைப்புக்கும் ஸ்டேட்டஸுக்கும்தான். குழுவில் அவர் எழுதுவது உங்களுக்கும், நீங்கள் எழுதுவது அவருக்கும் வந்துகொண்டேதான் இருக்கும். முதலில் அந்த பிளாக்கை எடுத்துவிடுங்கள். அவர் தனியாக அனுப்புவது ஒற்றை டிக்கோடு நின்றால் புரிந்துகொள்வார், அது அடுத்த சண்டை.

மியூட்டும் போதாது. சத்தம் நிற்கும், ஆனால் புதுச் செய்தி வந்ததும் குழு பட்டியலின் உச்சிக்கு ஏறி, பெயருக்குக் கீழே அவர் எழுதிய முதல் வரியைக் காட்டும். பதில் எழுதத் தூண்டுவதே அந்த ஒரு வரிதான்.

குழுவை அழுத்திப் பிடித்து, மேலே கீழ்நோக்கிய அம்பு போட்ட பெட்டியைத் தொடுங்கள். அதுதான் ஆர்க்கைவ், குழுவைப் பட்டியலிலிருந்து ஒதுக்கி வைப்பது. பிறகு செட்டிங்ஸ், சாட்ஸ், 'கீப் சாட்ஸ் ஆர்க்கைவ்ட்' இயக்கத்தில் இருக்கட்டும். அது அணைந்திருந்தால் அடுத்த செய்தியிலேயே குழு வெளியே வந்துவிடும், பலருக்கும் சறுக்குவது இங்கேதான். உங்கள் பெயரைக் குறித்தாலோ உங்களுக்குப் பதில் எழுதினாலோ மட்டும் அறிவிப்பு வரும். மற்ற நேரத்தில் குழுவைத் திறந்து, மூன்று புள்ளி, தேடல், 'பால்குடம்' என்று தேடிப் பாருங்கள். போன் பிரெஞ்சில் இருந்தால் சொல் மாறும், இடம் அதேதான்.

கேட்டவர்: நன்றி ஐயா, செய்துவிட்டேன். திறந்து படித்தால் நீல டிக் அவருக்குத் தெரியுமா?

பதில் 1: தெரியும். பிரைவசியில் ரீட் ரிசீட்ஸை அணைத்தாலும் குழுவுக்கு அது செல்லாது.

பதில் 2: அட்மினிடமும் பேசுங்கள் தம்பி. அறிவிப்புக்கு மட்டும் இன்னொரு குழு திறந்து, குழு அனுமதிகளில் உறுப்பினர் செய்தி அனுப்புவதை அணைத்துவிட்டால், நேரமும் வரிசையும் அங்கே சுத்தமாக நிற்கும். பழையது பேச்சுக்கு. பெரியவரின் செய்தியை அட்மின் நீக்கவும் முடியும், ஆனால் அட்மின் நீக்கினார் என்று எல்லோருக்கும் தெரியும். விரதம் இருக்கும் பத்து நாளில் அந்த வேலை வேண்டாம். அறிவிப்புக் குழு வந்தபின் பழையதை விட்டு வெளியேறினால் தகவல் அட்மினுக்கு மட்டும் போகும். ஆனால் முன்னாள் உறுப்பினர் பட்டியலில் 60 நாள் உங்கள் பெயர் இருக்கும், அதை யாரும் பார்க்கலாம்.