வெப்ப உறக்கமா, முளைமறிப்பா?

லாசுப்பேட்டையிலிருந்து:

வணக்கம். மாடித்தோட்டக் கையேட்டுக்கு லெட்டூஸ் (சாலட் கீரை) பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டது பிளாக் சீடட் சிம்சன். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே விதை எடுத்து விதைத்து வரும் பழைய இலை ரகம். புதுச்சேரியில் ஆவணியில் போட்டால் முளைக்காது. அதே பொட்டலத்து விதை மார்கழியில் நன்றாக வரும். சூட்டில் விதை இப்படி முளைக்காமல் நிற்பதற்கு ஆங்கிலத்தில் தெர்மோஇன்ஹிபிஷன் என்று பெயர். ‘வெப்ப உறக்கம்’ என்று போட்டுவிடலாமா?

கடலூரிலிருந்து:

வேண்டாம் ஐயா. அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது.

ஈரத்துணியில் கிடக்கும் விதையை ஆவணி வெயிலில் பாருங்கள். ஊறி உப்பியிருக்கும், வேர்முனை மட்டும் எட்டிப்பார்க்காது. கருவைச் சுற்றியுள்ள மெல்லிய சூழ்தசை இளகினால்தான் வேர் வெளியே வர முடியும். சூடு 30 டிகிரியைத் தாண்டும்போது பெரும்பாலான ரகங்களில் அது இளகுவதில்லை. முளைப்பதைத் தடுக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலமும் குறையாமல் நின்றுவிடுகிறது. துணியோடு எடுத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் முளைத்துவிடும். தூங்கவில்லை, வழி மறிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஈர விதையைப் பல நாள் சூட்டிலேயே விட்டால் கதை வேறு. அப்புறம் குளிர்ச்சியில் வைத்தாலும் முளைக்காது. அதுதான் தெர்மோடார்மன்சி, ‘வெப்ப உறக்கம்’ அதற்குத்தான் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், குளிர வைத்தாலே போதும் என்ற விதையையும் குப்பையில் கொட்டிவிடுவார்கள்.

என் பரிந்துரை: வெப்பமறிப்பு.

ஆரோவில் பக்கத்திலிருந்து:

பிரித்துச் சொன்னது சரி. ஆனால் வெப்பமறிப்பு என்றால் கூரைக்கு அடிக்கும் வெள்ளைப் பூச்சுதான் நினைவுக்கு வருகிறது! வெப்பத்தை மறிப்பதா, வெப்பம் மறிப்பதா? ‘வெப்பத்தடை’யும் உதவாது, இயற்பியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எதை மறிக்கிறது என்பதையும் சொல்லில் வைத்துவிடலாமே: ‘வெப்ப முளைமறிப்பு’.

இன்னொன்று. சொந்தச் செடியில் எடுத்த புது விதை, இதமான குளிரிலும் சில சமயம் அடம்பிடிக்கும். லெட்டூஸ் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பதால் வீட்டில் விதை எடுப்போர் அதிகம், அவர்கள் இதைக் கேட்பார்கள். அது பழைய ‘விதை உறக்கம்’தான். அதில் கைவைக்க வேண்டாம்.

கடலூரிலிருந்து:

முளைமறிப்பு அருமை. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். முன்னொட்டை மாற்றினால் வேறு இடத்திலும் ஓடும். 1952இல் அமெரிக்காவில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் என்ற விஞ்ஞானிகளின் குழுவினர் கிராண்ட் ரேபிட்ஸ் ரக லெட்டூஸ் விதையை வைத்துச் செய்த சோதனை நினைவிருக்கும்: சிவப்பு ஒளி பட்டால் முளைக்கும், அடுத்துத் தொலைசிவப்பு (சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) பட்டால் நின்றுவிடும், கடைசியில் பட்ட ஒளி எதுவோ அதன்படிதான் நடக்கும். அதைத் ‘தொலைசிவப்பு முளைமறிப்பு’ எனலாம். விதையை ஆழப் புதைக்காமல் மேலாக மண் தூவச் சொல்வதும் இந்த ஒளித் தேவையால்தானே.

லாசுப்பேட்டையிலிருந்து:

சரி, பக்கத்தில் இப்படிப் போடுகிறேன்: “ஐப்பசிக்கு முன் விதைத்தால் வெப்ப முளைமறிப்பு ஏற்படலாம். சாயங்காலம் விதைத்துத் தண்ணீர் தெளிக்கவும்; விதை ஊறும் முதல் சில மணி நேரம் இரவுக் குளிர்ச்சியில் கழியட்டும். அல்லது ஈரத்துணியில் சுற்றி இரண்டு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு விதைக்கவும்.”

சூழ்தசை என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு படம் வேண்டும். யாராவது வரைந்து தருவீர்களா?