மலைச்சரிவில் விமானம் இறங்கும் கூர்ஷவெல்: இதை எதற்காக இப்படிக் கட்டினார்கள்?

கோவைக்காரன்:
பிரான்சில் ஆல்ப்ஸ் மலை மேல் கூர்ஷவெல் என்று ஒரு விமான நிலையம். நேற்று ராத்திரி வீடியோ பார்த்ததிலிருந்து மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது. ஓடுபாதை சறுக்குமரம் மாதிரி சாய்ந்து கிடக்கிறது! சமமாக ஒரு இடம் கூடவா கிடைக்கவில்லை? யாருக்காகக் கட்டினார்கள்? ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வந்தது இதுதானே?

வான்பித்தன்:
பாண்ட் படத்தில் வந்தது பிரனீஸ் மலையில் இருக்கும் பெய்ரெசூர்ட். எல்லோரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். கூர்ஷவெல் ஓடுபாதை 537 மீட்டர்தான், சென்னையில் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல். சரிவு மிகச் செங்குத்தான இடத்தில் 18.5 சதவீதம், அதாவது அங்கே 100 மீட்டர் போனால் பதினெட்டரை மீட்டர் ஏற்றம். மால் பார்க்கிங்கில் மாடிக்கு ஏறும் பாதையை விடச் செங்குத்து. உயரம் 2008 மீட்டர், கிட்டத்தட்ட கொடைக்கானல். இறங்குவது மேல்நோக்கி மட்டும், கிளம்புவது கீழ்நோக்கி மட்டும். ஏற்றமே பிரேக், இறக்கமே தள்ளிவிடும் கை. நீளமான ஓடுபாதைக்கு மலையில் இடமில்லை, அதனால் சரிவையே வேலை வாங்கிக்கொண்டார்கள்.

குசினிக்காரன்:
தம்பி, நான் அங்கே மூன்று பனிக்காலம் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினவன். பாரிஸிலிருந்து மூத்தியே வரை ரயில், பிறகு பஸ்ஸில் வளைந்து வளைந்து மேலே. எங்களுக்கு அதுதான் வழி. விருந்தாளிகளுக்கு அந்த ஓடுபாதை.

ஆனால் அந்த ஊர் பணக்காரருக்கென்று தொடங்கியதில்லை. லோரான் ஷாப்பி என்ற கட்டடக் கலைஞர் போர்க்கைதியாக முகாமில் இருந்தபோதே இந்த மலைகளுக்குத் திட்டம் போட்டவர். 1946இல் சவுவா மாவட்ட நிர்வாகமே வெறும் மேய்ச்சல் நிலத்தில் ஊரைக் கட்டத் தொடங்கியது. சாதாரண சனமும் பனியில் சறுக்க வரட்டும் என்பதுதான் எண்ணம். ஊரின் உயரம் இத்தனை மீட்டர் என்று காட்ட, கூர்ஷவெல் 1850 என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அது நூறு மீட்டர் அளவு கீழே இருக்கிறது. பக்கத்துப் பனிச்சறுக்கு ஊரான வால் திசேருக்குக் குறையக் கூடாதாம்!

1961இல் மிஷேல் சீக்லர் என்ற விமானி எயார் ஆல்ப் என்று ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். அவர்களிடம் இருந்தவை சுவிஸ்காரரின் பிலாட்டஸ் போர்ட்டர் விமானங்கள். சில்லுக்குப் பதில் பனிச்சறுக்குப் பலகை பூட்டி வெறும் பனியிலேயே இறக்குவார்கள். அப்படித்தான் இந்த இடம் விமான நிலையமானது. பிற்காலத்தில் 50 பேர் ஏறும் டாஷ் 7 கூட வந்து போனது. இப்போது சிறு விமானமும் ஹெலிகாப்டரும்தான்.

ஒரு விஷயம் வீடியோவில் விளங்காது. குப்பை கொட்டப் பின்கதவால் போகும்போது காது கொடுப்பேன். வேறெங்கும் விமானம் தரை தொட்டதும் சத்தம் அடங்கும், இங்கே தொட்ட பிறகு எஞ்சின் உறுமும். விமானி விசையைக் குறைத்தால் விமானம் சரிவின் நடுவிலேயே நின்றுவிடும். உச்சியில் இருக்கும் சமதளத்துக்கு ஏறி முடியும்வரை உறுமிக்கொண்டே போக வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் தலைமைச் சமையல்காரர் கத்துவார், “வந்திட்டினம்!” நாங்கள் தட்டுகளை அடுக்கத் தொடங்குவோம்.

கோவைக்காரன்:
அண்ணா, புல்லரிக்கிறது. இறங்கும்போது ஏதாவது சரியில்லை என்றால் மறுபடி மேலே எழும்பிச் சுற்றி வரலாமா?

வான்பித்தன்:
கடைசிக் கட்டத்தில் முடியாது. முன்னால் மலை நிற்கிறது. அதனால்தான் எல்லா விமானியையும் விடுவதில்லை, மலையில் இறங்கத் தனித் தகுதி வேண்டும். மூடுபனியில் வழிகாட்டும் கருவி வசதியும் கிடையாது. கண்ணுக்குத் தெரிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

குசினிக்காரன்:
அது உண்மை. ஒரு சனிக்கிழமை காலையிலிருந்தே புகை மாதிரி மூடிக் கிடந்தது. விமானத்தில் வர வேண்டியவர்கள் கீழேயே இறங்கி, காரில், எங்கள் பஸ் வரும் அதே வளைவுகளில் தலைசுற்றி வந்து சேர்ந்தார்கள். மத்தியானச் சாப்பாடு இரவுச் சாப்பாடாயிற்று. அவர்களில் ஒரு அம்மா சூப்பைத் தவிர ஒன்றையும் தொடவில்லை. எனக்குக் கழுவக் கோப்பை குறைவு, சந்தோசம்தான்.

கோவைக்காரன்:
நீங்கள் ஒரு தடவையாவது அதில் ஏறினீர்களா அண்ணா?

குசினிக்காரன்:
ஏறுவதா! லீவு நாளில் நடந்து போய்ப் பார்த்தேன், அவ்வளவுதான். பக்கத்து உணவகத்தின் விலைப்பட்டியலை வாசித்துவிட்டு, பையில் கொண்டு போன பாணையும் சம்பலையும் வேலியோரம் நின்று சாப்பிட்டேன். அப்போது ஒரு சின்ன விமானம் சமதளத்தில் உருண்டு போய் விளிம்பைத் தாண்டியது, காணவில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது. நான் பாணை வாயில் வைத்தபடி எண்ணுகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று... பள்ளத்தாக்குக்கு மேலே, நினைத்ததை விடத் தூரத்தில், அது எழும்பி வந்தது.