‘முன்னேற்றப் பட்டை’, ‘ரத்து செய்’: மாற்றுச் சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருளைத் தமிழாக்கும்போது, வேலை எவ்வளவு நடந்தது என்று திரையில் காட்டும் ‘progress bar’-ஐ ‘முன்னேற்றப் பட்டை’ என்பதா ‘நிகழ்வுப் பட்டை’ என்பதா என்று சில நாளாகப் பேசுகிறோம். அதற்கு முன் இரண்டு பொருளைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் ஒன்று. வேலை முடிய முடிய நிரம்பிக்கொண்டு போகும் பட்டை வேறொன்று.

எங்கள் பள்ளிபாளையத்தில் தெருவில் போகும்போதே விசைத்தறிச் சத்தம் கேட்கும். தறி ஓடுகிறது என்று அதை வைத்துச் சொல்லலாம். எத்தனை மீட்டர் நெய்தாயிற்று என்று தெரிய உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். சுற்றும் வட்டமும் அந்தச் சத்தம் போலத்தான். அதற்கு ‘ஓட்டக்காட்டி’ என்று வைக்கலாம். மற்றதற்கு ‘நிறைவுப் பட்டை’. ‘முன்னேற்றம்’ என்றால் ஏதோ நல்லது நடந்ததாக ஒரு பொருள் கூடவே வருகிறது. கோப்புகளை அழிக்கும்போதும் இதே பட்டைதான் ஓடுகிறது. அழிவதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையைத்தான் மக்கள் விரும்புகிறார்கள் என்று கணினி ஆய்வாளர் பிராட் மையர்ஸ் 1985-இலேயே ஆய்வு செய்து எழுதினார். 10 விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டிய வேலைக்கு விழுக்காடும் வேண்டும், இடையில் நிறுத்த வழியும் வேண்டும் என்பது, மென்பொருளை மக்கள் எளிதாகப் பயன்படுத்துவது பற்றி ஆராயும் ஜேக்கப் நீல்சன் சொன்னது. அந்த இரண்டாவது பாதியை நாம் இன்னும் பேசவே இல்லை.

எனக்கு அதுதான் பெரிய கவலை. இங்கே ஒரு நெசவு நூல் கடையில் பழைய கணக்கைப் புது மென்பொருளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம், சுமார் 40,000 வரி. பாதியில் தப்பான ஆண்டுக் கோப்பு என்று தெரிந்ததும் கணக்குப் பிள்ளை ‘ரத்து செய்’யை அழுத்தினார். வேலை நின்றது, ஏறிய வரிகள் அப்படியே இருந்தன. அப்புறம் சரியான கோப்பை ஏற்றினோம். இரண்டு ஆண்டும் கலந்துபோய், பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆனது. “ரத்துன்னு தானுங்க போட்டிருந்துச்சு, எல்லாம் போயிருக்கும்னு நெனச்சேன்” என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பேருந்துச் சீட்டை ரத்து செய்தால் நம் பெயரில் சீட்டே இல்லை என்று ஆகிவிடுகிறது. சட்டத்தை ரத்து செய்தாலும் அப்படித்தான். அந்தச் சொல்லை அவர் சரியாகத்தான் படித்தார், பொத்தானில் எழுதியவர்தான் தவறினார். மொழிபெயர்ப்பில் நானும் இத்தனை நாள் அப்படியே எழுதியிருக்கிறேன் என்பது வருத்தமாக இருக்கிறது.

விண்டோஸ் வடிவமைப்பு வழிகாட்டியிலும் இந்த வேறுபாடு உண்டு. தொடங்கும் முன் இருந்த நிலைக்கே திரும்பினால் ஒரு சொல், செய்தது செய்தபடி மிஞ்சினால் வேறு சொல். நமக்கு இரண்டும் கையிலேயே இருக்கின்றன. தடயமே இல்லாமல் திரும்பினால் மட்டும் ‘ரத்து செய்’. மற்ற எல்லா இடத்திலும் ‘நிறுத்து’. தறியை நிறுத்தினால் நெய்த துணி நெய்ததுதான், யாரும் அது பிரிந்துபோகும் என்று எதிர்பார்ப்பதில்லை. ‘கைவிடு’ என்று ஒரு நண்பர் சொன்னார். அழகான சொல்தான். ஆனால் செய்தது என்ன ஆகும் என்பதை அது சொல்லவில்லை, அதனால் வேண்டாம் என்பேன்.

பொத்தானை அழுத்தியதும் வேலை உடனே நிற்காது. கையில் எடுத்த வரியையாவது முடிக்க வேண்டும். அந்த இடைவெளியில் திரை பேசாமல் இருந்தால் மறுபடி மறுபடி அழுத்துவார்கள். அங்கே ‘நிறுத்தப்படுகிறது’ என்பதைவிட ‘நிற்கப் போகிறது’ என்று போடலாமா? கேட்கும்போதே கொஞ்சம் பொறுக்கத் தோன்றுகிறது.

நின்ற பிறகு வரும் செய்திக்கு என் வரைவு இது: ‘நிறுத்தியாயிற்று. 18,200 வரிகள் ஏறியுள்ளன. வைத்துக்கொள்ளவா, நீக்கவா?’ இதில் ‘ஏறியுள்ளன’ சரியா, ‘சேர்ந்துள்ளன’ சரியா என்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் கணக்கு எழுதுகிறவர்கள் சொன்னால் மொழிபெயர்ப்புக் கோப்பில் திருத்திவிடுகிறேன்.