32 ஜிபி ரேம் போட்டா ஸ்டெல்லாரிஸ் லேக் போயிடுமா? யாருகிட்ட பீலா வுடுற

வியாசை_வேகம்:
ஸ்டெல்லாரிஸ்னு விண்வெளில சாம்ராஜ்யம் கட்டுற கம்ப்யூட்டர் கேம்ல, ஆட்டத்து காலண்டர் 2400ஆம் வருஷத்தை தாண்டுனா கேம் படுத்துக்குதுன்னு ஒரு தம்பி கேட்டான், அதுக்கு நம்ம ராயபுரம் ராக்கெட் "32 ஜிபி ரேம் போடு, லேக் மொத்தமா காலி"ன்னு சொல்லிட்டாரு. அந்தத் தம்பி இப்போ ரேம் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போறேன்றான். ஏம்பா, ஒருத்தன் காசை கரியாக்குறதுக்கு முன்னாடி யோசிக்க மாட்டியா? அந்த கேம்ல பாரமே பாப்ஸ் தான், அதாவது கிரகத்துல குடியிருக்குற ஜனங்க. ஒவ்வொரு கிரகத்துலயும் யாருக்கு இன்னா வேலை, யாரு எங்க குடி போறான்னு கணக்கு போட்டுக்கினே கீது, அத்தனையும் ப்ராசஸர் தலையில. ஆட்டத்துல மாசம் 1ஆம் தேதி வந்தா கேம் திக்கி நின்னு அப்புறம் ஓடுதே, பாத்ததில்ல? எல்லா நாட்டு வரவு செலவும் அங்க தான் ஒண்ணா விழுது. ரேம் பாதி காலியா கிடந்தாலும் திக்கும்.

ராயபுரம்_ராக்கெட்:
எனக்கு போச்சு. 8 ஜிபி ஒரே ஸ்டிக் இருந்துச்சு, 16 ரெண்டு போட்டேன், வெண்ணெய் மாதிரி ஓடுது. கண்ணால பாத்தவன் நானு, நீ இன்னாத்துக்கு குதிக்கிற?

வியாசை_வேகம்:
ஒரு ஸ்டிக்ல இருந்து ரெண்டு ஸ்டிக்குக்கு போனா டூயல் சேனல் ஆவுது, அதாவது டேட்டா ரெண்டு வழியா போவும், அந்த வித்தியாசத்தை 32ன்ற நம்பர் மேல ஏத்தாத. சரி, உன் சேவ் எந்த வருஷத்துல கீது? அதை சொல்லு.

ராயபுரம்_ராக்கெட்:
மேப்பை சுத்துனா, ஜூம் பண்ணா ஒரு இடத்துல கூட வெட்டல. லேக் இல்லன்னா இல்ல.

வியாசை_வேகம்:
எந்த வருஷம்னு கேட்டேன்.

தண்டையார்பேட்டை_81:
ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசுறீங்க. ஒருத்தர் ஸ்கிரீன் வெட்றதை சொல்றாரு, ஒருத்தர் நாள் மெதுவா போறதை சொல்றாரு.

வியாசை_வேகம்:
நீ நடுவுல வராத நைனா. அந்தத் தம்பி கேட்டது 2400. கேலக்ஸி செட் பண்ணும்போதே 1000 நட்சத்திரத்தை 400 ஆக்கு, வாழக்கூடிய கிரகத்தை 0.25க்கு இறக்கு, ஜீனோ கம்பாட்டிபிலிட்டின்னு வேற வேற இனம் கலக்க விடுற ஆப்ஷனை அணைச்சுடு, இல்லன்னா கலப்பு இனம் பெருகிக்கினே போவும். கேட்வேன்னு தூரத்தை ஒரே தாவுல தாண்டுற வாசல் வேணவே வேணாம், கப்பலுக்கு வழி தேடுற வேலை மிச்சம். காசு செலவு பண்ணியே தீருவேன்னா 5800எக்ஸ்3டி மாதிரி பெரிய கேஷ், அதாவது உள்ளேயே கீற வேகமான மெமரி, உள்ள ப்ராசஸர் வாங்கு. சாதா 5800எக்ஸ்ல எல்3ன்ற அந்த கேஷ் 32 எம்பி, இதுல 96. கிளாக் கம்மி தான், ஆனா இந்த மாதிரி கேம்ல அது தான் முன்னாடி ஓடுது.

ராயபுரம்_ராக்கெட்:
400 நட்சத்திரத்துல ஆடுறதுக்கு தெரு முக்குல உக்காந்து கேரம் ஆடலாம்.

காசிமேடு_கடல்:
கேரம்னா அவ்ளோ இளக்காரமா போச்சா? 2024ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பைல 3 தங்கம் எடுத்தது நம்ம செரியன் நகர் காசிமா. நீ மவுஸை புடிச்சுக்கினு இன்னா கிழிச்ச?

ராயபுரம்_ராக்கெட்:
அந்தப் பொண்ணை நான் எங்க சொன்னேன்? வாயில வார்த்தையை திணிக்காத. போன வாட்டி மல்டிபிளேயர்ல தோக்குற நேரத்துல கரண்ட் போச்சுன்னு கழண்டுக்கினவன் தானே நீ.

காசிமேடு_கடல்:
நெசமா கரண்ட் போச்சுய்யா! எங்க தெருவுல யாரை வேணா கேளு.

தண்டையார்பேட்டை_81:
ஸ்டெல்லாரிஸ் 4.0 அப்டேட்ல பாப்ஸை குரூப்பா மாத்திட்டான், பழைய 1 பாப் இப்போ 100. வேகத்துக்குன்னு தான் பண்ணான், 2025 மே மாசம் வந்தப்போ நெறைய பேரு இன்னும் மோசமாச்சுன்னு கத்துனாங்க.

வியாசை_வேகம்:
அதைத்தானே நானும் சொல்றேன், கம்பெனிக்காரனே கை வெச்சது பாப்ஸ் மேல, ரேம் மேல இல்ல. இன்னொண்ணு, மே மாச வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல ப்ராசஸர் சூடேறுனா அதுவே வேகத்தை குறைச்சுக்கும், ஃபேன்ல அடைஞ்ச தூசியை தட்டு, ப்ராசஸர் மேல தடவுற பேஸ்ட் மாத்து, அதுக்கு ரேம் விலையில கால்வாசி கூட ஆகாது. ராக்கெட்டு, வருஷம் இன்னும் வரல.

ராயபுரம்_ராக்கெட்:
ஊட்டுக்கு வா, காட்றேன். 32 போட்டேன், போச்சு.

வியாசை_வேகம்:
எதுக்குய்யா ஊட்டுக்கு? ஸ்கிரீன்ல மேல வலது பக்கம் தேதி கீது, ஒரு போட்டோ புடிச்சு போடு. ஒரு வருஷம் ஓட எவ்ளோ நேரம் ஆவுதுன்னு ஸ்டாப்வாட்ச் வெச்சு சொல்லு. ஜகா வாங்காத.

ராயபுரம்_ராக்கெட்:
உனக்கு எதுக்கு நான் ப்ரூஃப் குடுக்கணும், நீ இன்னா தாசில்தாரா? தம்பி, நீ போய் 32 வாங்கு, கடையில கேட்டு ரெண்டு ஸ்டிக்கா வாங்கு.

வியாசை_வேகம்:
தம்பி, வாங்காத. ராக்கெட்டு, எந்த வருஷம்?