மர ஆசாரிப் பாட்டனைத் தேடிப் போனவங்க இருக்கீங்களா? ஒரு வரி என் மனசை விட்டுப் போகமாட்டேங்குது

பாஸ்டன்_மருமகள்:

எங்க அமெரிக்க மாமனார் போன வருஷம் தவறிட்டார். படுக்கையில இருந்தப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், "நீதாம்மா பழைய எழுத்தையெல்லாம் பொறுமையா படிப்ப, நம்ம ஜாய்னர் தாத்தாவோட பேப்பரைக் கொஞ்சம் பாரு"ன்னு. அவங்க வம்சத்துல பத்து தலைமுறைக்கு முன்னாடி ஒருத்தர், மாசசூசெட்ஸ்ல இப்ஸ்விச் பக்கம் ஓக் மரத்துல பெட்டி நாற்காலி செஞ்ச ஜாய்னர், அதாவது கட்டைகளை இணைச்சுச் செய்யற ஆசாரி. எசெக்ஸ் கவுன்டி புரோபேட் ஃபைல், அதாவது செத்தவங்க சொத்து பத்தி கோர்ட்டுல இருக்கற பேப்பர், எப்படித் தேடுறதுன்னு இந்த குரூப்ல எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல.

இன்வென்டரி, அதாவது செத்தவரோட சாமான் எல்லாத்துக்கும் விலை போட்ட பட்டியல், கிடைச்சுது. ஊர்க்காரங்க மூணு பேர் வீட்டுக்குள்ள ரூம் ரூமா நடந்து விலை போட்டிருக்காங்க, இறகு மெத்தை போட்ட கட்டில்தான் இருக்கிறதுலயே அதிக விலை, அப்புறம் பித்தளைப் பாத்திரம், இரும்புச் சட்டி, மாடு ரெண்டு, பன்னி, அப்படியே போய்ட்டே இருக்கு. கடைசில பட்டறைக்கு வர்றாங்க. ஜாய்னர் சாமான் எல்லாம் சேர்த்து ரெண்டு பவுண்டு சொச்சம். அதுக்குக் கீழ ஒரு வரி. நடுவுல இருக்கற எஸ் எழுத்தை அந்தக் காலத்துல எஃப் மாதிரி நீட்டி எழுதுவாங்கல்ல, அதை எஃப்னே படிச்சுட்டு மூணு ராத்திரி முழிச்சேன். நாலாவது ராத்திரி சட்டுனு புரிஞ்சுது. "முடிக்காத பெட்டி ஒண்ணு, 5 ஷில்லிங்."

அவ்வளவுதான் எழுதியிருக்கு. மனுஷன் செஞ்சுட்டு இருந்த பெட்டி, பட்டறைல பாதில நிக்குது, மூணு பேர் அதைச் சுத்தி நின்னு விலை பேசுறாங்க. அதை அப்புறம் யார் முடிச்சா?

மெய்ன் மாகாணத்துல எங்க நாத்தனார் வீட்ல ஒரு ஓக் பெட்டி இருக்கு, தாத்தா செஞ்சதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. முன்பக்கம் மூணு பலகை. இடது பக்கம் ரெண்டுலயும் இலையும் பூவுமா செதுக்கியிருக்கு, மூணாவதுல அதே இலைதான், ஆனா கை வேற, பழகாத கை. போன மாசம் அதைத் தடவிப் பாத்துட்டு நான் ஒண்ணும் பேச முடியாம வெளில வந்துட்டேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. உயில் எழுதினது 1690 டிசம்பர்னு போட்டிருக்கு, இன்வென்டரி 1690 பிப்ரவரின்னு போட்டிருக்கு. செத்த பிறகா உயில் எழுதுவார்? வேற ஆளோட பேப்பரைப் படிச்சுட்டு இருக்கேனோன்னு பயமா இருக்கு.

லங்காஸ்டர்வாசி:

அக்கா, உங்க பெட்டி மாதிரி எனக்கு ஒரு பானை. என் மனைவி வழில பென்சில்வேனியா ஜெர்மன்காரங்க, 1780கள்ல இறந்து போன ஒரு தச்சர். அவங்க ஊர்ல சொத்தை வெண்டியூ விடுவாங்க, அதாவது வாசல்ல வச்சு ஏலம், எந்தச் சாமானை யார் எவ்வளவுக்கு எடுத்தாங்கன்னு பேரோட எழுதி வச்சிருக்காங்க. இழைப்புளி ஒருத்தன், கடைசல் மெஷின் ஒருத்தன், உளியெல்லாம் ஒரு கட்டா இன்னொருத்தன். நடுநடுவுல "விதவை" "விதவை" "விதவை"ன்னு வருது. என்னடான்னு பாத்தா அந்தம்மா ஏலத்துல நின்னு தன் வீட்டு இரும்புப் பானையை, தன் ராட்டையை, தான் சமைச்ச கரண்டியைக் காசு குடுத்து வாங்குறாங்க. பானைக்கு யாரோ போட்டி கேட்டிருக்கணும்னு எனக்குத் தோணுது, ஏன்னா மத்ததை விட அதோட விலை ஏறியிருக்கு.

என் மனைவிகிட்ட காமிச்சேன். அவ லேப்டாப்பை மூடிட்டா. அதுக்கப்புறம் நாங்க அந்த ஃபைலைத் திறக்கவே இல்ல.

உளிச்சத்தம்:

பாஸ்டன் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா இதைச் சொல்லாம விட முடியல. பேப்பர்ல இருக்கற பெட்டி வேற, நாத்தனார் வீட்ல இருக்கற பெட்டி வேற. ரெண்டையும் மனசு ஒட்டவைக்குது, ஆதாரம் ஒட்டவைக்கல. ஒரே பட்டறைல அப்பா பையன் அப்ரென்டிஸ் எல்லாம் சேர்ந்துதான் வேலை பாப்பாங்க, அதனால ஒரே பெட்டில ரெண்டு கை தெரியறது சாதாரணம்.

இப்ஸ்விச்சையே எடுத்துக்குங்க. தாமஸ் டென்னிஸ்னு ஒரு ஜாய்னர், 1706ல இறந்தவர். அவருக்கு முன்னாடி அதே ஊர்ல வில்லியம் சேர்ல்னு ஒருத்தர், இங்கிலாந்துல டெவன் பக்கத்து வேலைப்பாடு. சேர்ல் 1667ல இறந்தார், அடுத்த வருஷமே அவர் விதவை கிரேஸை டென்னிஸ் கல்யாணம் பண்ணிக்கிட்டார். டென்னிஸ் கையும் அதே டெவன் கைதான். இப்ப எந்தப் பெட்டி யார் செஞ்சது? ஒரு காலத்துல அந்தப் பக்கம் கிடைச்ச செதுக்கு வேலை எல்லாத்தையும் டென்னிஸ் தலையிலயே கட்டினாங்க, அப்புறம்தான் ஒவ்வொண்ணா கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க. பேர் தெரிஞ்ச ஆளுக்கே இந்த நிலைமை.

அதை விட மோசமா ஒண்ணு சொல்றேன். மேஃப்ளவர்ங்கற கப்பல்ல இங்கிலாந்துல இருந்து வந்து குடியேறின எல்டர் ப்ரூஸ்டரோட நாற்காலி மாதிரியே ஒண்ணை ரோட் ஐலண்ட்ல ஆர்மண்ட் லாமொன்டாங்னு ஒரு சிற்பி 1969ல செஞ்சார். நிபுணர்களை ஏமாத்திக் காட்டணும்னே செஞ்சார். அது கைமாறி கைமாறி, 1970ல ஹென்றி ஃபோர்ட் மியூசியம் நிஜம்னு நம்பி வாங்கிருச்சு. 1977லதான் வெளில வந்துச்சு. துளையெல்லாம் இந்தக் காலத்து ட்ரில் பிட்ல போட்டிருந்தார், எக்ஸ்ரே எடுத்தப்ப தெரிஞ்சுது.

அதனால நீங்க செய்ய வேண்டியது: பெட்டியைக் காலி பண்ணிட்டு டார்ச் எடுத்துட்டு உள்ள குனிஞ்சு பாருங்க. அந்தக் காலத்து ஜாய்னர் ஓக்கை ரம்பத்துல அறுக்க மாட்டார், பச்சை மரத்தை ஆப்பு வச்சு நடுவுல இருந்து வெளில பாத்து பிளப்பார், அதனால பலகை ஒரு ஓரம் தடிச்சும் ஒரு ஓரம் மெலிஞ்சும் இருக்கும். முன்பக்கம் இழைச்சிருப்பார், உள்பக்கம் பிளந்த மேனிக்கே விட்டிருப்பார். இணைப்புல ஆணி இருக்காது, ஒரு கட்டையில குழி வெட்டி இன்னொரு கட்டையோட நாக்கை அதுல இறக்கி, ரெண்டு துளையையும் நூலளவு தள்ளி வச்சு மரமுளை அடிப்பார், முளை உள்ள போகப் போக இறுக்கி இழுத்துக்கும், பசையே வேணாம். முளைத் தலை ரூபாய்க் காசு மாதிரி வட்டமா இருந்தா சந்தேகப்படுங்க, கையால சீவினது கோணல் மாணலாத்தான் இருக்கும். மூடி பைன் மரமா இருந்தா பயப்படாதீங்க, அது வழக்கம்தான். குழிக்குப் பக்கத்துல, வெட்டறதுக்கு அளவு குறிக்க ஊசியால கிழிச்ச கோடு தெரியுதான்னும் பாருங்க.

என் கதை சின்னது. நான் வார இறுதில மரவேலை பண்றவன். ஒரு மியூசியத்துல அனுமதி வாங்கி ஒரு பெட்டியோட அடில படுத்துப் பாத்தேன். உளி வழுக்கி ஒரு வெட்டு விழுந்திருந்துச்சு, கட்டை விரல் நீளம். அதே இடத்துல எனக்கும் வழுக்கும். 300 வருஷத்துக்கு முன்னாடி அந்தாளு பல்லைக் கடிச்சிருப்பார்னு நினைச்சுட்டு கொஞ்ச நேரம் எந்திரிக்காமலே கிடந்தேன்.

பாஸ்டன்_மருமகள்:

சார், பெட்டி அவர் செஞ்சதுதான்னு நான் சத்தியம் பண்ணல. முடிக்காத பெட்டியை யார் முடிச்சான்னுதான் கேட்டேன். உங்க மியூசியப் பெட்டியை யார் செஞ்சதுன்னு தெரியாமலே நீங்க படுத்துக் கிடந்தீங்கல்ல, எனக்கும் அதேதான். டார்ச் அடிச்சு பாக்குறேன், அதுக்கு நன்றி.

டர்ஹம்_ராஜா:

எல்லாரும் இன்வென்டரி இன்வென்டரின்னு பேசுறீங்க. நான் வட கரோலினால இருக்கேன், என் மனைவி கறுப்பினத்தவர். அவங்க பாட்டியோட பாட்டனார் தச்சர், 1870 சென்சஸ்ல தொழில் "கார்பென்டர்"னு தெளிவா இருக்கு. அதுக்குப் பின்னாடி போனா சுவர். 1850லயும் 1860லயும் அடிமைகளை வயசு, ஆணா பெண்ணா, நிறம்னு மட்டும் முதலாளி பேருக்குக் கீழ எழுதினாங்க, பேர் போடல.

அதனால முதலாளி குடும்பத்துப் பேப்பரைத் தேடினோம். 1840கள்ல ஒரு இன்வென்டரி. தச்சுச் சாமான் ஒரு செட், 6 டாலர். ஒர்க்பெஞ்ச் ஒண்ணு, 1 டாலர். அதுக்கு அடுத்த வரில அவர் பேர், பக்கத்துல "கார்பென்டர்", 900 டாலர். வயசு பொருந்துது, பேர் பொருந்துது. அதே வரிசை, அதே கையெழுத்து, பெஞ்சுக்கு அடுத்து மனுஷன். அவரோட சொத்தைத் தேடித்தான் போனோம், அங்க அவரே சொத்தா இருக்கார்.

என் மனைவி அந்த வரில விரலை வச்சுட்டு, "பேர் இருக்கு, பேர் இருக்கு"ன்னு ரெண்டு தடவை சொன்னா. விலையை அவ படிக்கவே இல்ல. நான்தான் படிச்சேன், இன்னைக்கு வரைக்கும் அந்த நம்பர் என் தலைல ஓடுது.

அதுக்கப்புறம் மில்டன் ஊருக்குப் போனோம், தாமஸ் டே பட்டறை வச்சிருந்த இடம். 1801ல சுதந்திரமா பிறந்த கறுப்பினத் தச்சர், அந்த மாகாணத்துலயே பெரிய ஆள். 1830ல அவர் வர்ஜீனியாப் பொண்ணைக் கட்டினார், ஆனா வெளில இருந்து சுதந்திரக் கறுப்பினத்தவங்க உள்ள வரக்கூடாதுன்னு 1826லயே சட்டம் போட்டிருந்தாங்க. ஊர் வெள்ளைக்காரங்களே மனு எழுதிக் குடுத்து, அவர் பொண்டாட்டி உள்ள வர தனிச் சட்டம் போட்டாங்க. அவர்கிட்டயும் அடிமைகள் வேலை பாத்தாங்கங்கறதையும் அங்க தெரிஞ்சுக்கிட்டோம். அதைக் கேட்டுட்டு காருக்கு வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல.

லங்காஸ்டர்வாசி:

ராஜா அண்ணா, படிச்சுட்டு என்ன எழுதறதுன்னு தெரியல. நியூ இங்கிலாந்துலயும் இன்வென்டரில அடிமை ஆளுங்க பேர் வரும், வடக்குல இல்லேன்னு நினைச்சுடக் கூடாது. மாசசூசெட்ஸ்லயே 1783 வரைக்கும் அடிமை முறை இருந்துச்சு. பாஸ்டன் அக்கா, மத்த பக்கங்களையும் ஒரு தடவை முழுசா படிச்சுடுங்க.

பழைய_ஏடு:

பாஸ்டன் சகோதரி, உங்க தேதிப் பயம் தேவையே இல்லாதது, யாருமே இதைச் சொல்லலையேன்னுதான் எழுத வந்தேன். இங்கிலாந்துலயும் அவங்க காலனிகள்லயும் 1752 வரைக்கும் வருஷப் பிறப்பு மார்ச் 25. அதனால 1690 டிசம்பருக்கு அப்புறம் வர்றதுதான் 1690 பிப்ரவரி, நம்ம கணக்குல அது 1691. உயில் டிசம்பர், ரெண்டு மாசத்துல இன்வென்டரி. எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு, உங்க ஆள்தான்.

இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். அதோட "ஜூனியர்"ங்கறதை நம்பி ரெண்டு வருஷம் வேற ஒருத்தரோட பையனைத் தேடிட்டு இருந்தேன், ஏன்னா அந்தக் காலத்துல ஒரே ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா சின்னவரை ஜூனியர்னு சொல்லுவாங்க, அப்பா பையனா இருக்கணும்னு இல்ல. என் கதை அவ்வளவுதான்.

இருந்தாலும் மத்தவங்களுக்கும் உதவும்னு இதையும் சொல்லிடறேன். "சன் இன் லா"ன்னு இருந்தா மருமகன்னு உடனே எழுதிடாதீங்க, மனைவியோட முதல் புருஷன் பிள்ளையாவும் இருக்கலாம். "கசின்"னா அண்ணன் பையனாவும் இருக்கலாம். "என் இப்போதைய மனைவி"ன்னு உயில்ல வந்தா அதுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தான்னு அர்த்தம் இல்ல, வக்கீல் பாஷை அது. உயில் இல்லாம இறந்தா மாசசூசெட்ஸ்ல விதவைக்கு மூணுல ஒரு பங்கு, மூத்த பையனுக்கு ரெண்டு பங்கு, மத்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒண்ணு. நிலம் பெரும்பாலும் பையன்களுக்கும் வீட்டுச் சாமான் பொண்ணுங்களுக்கும் போகும், அதனால பெட்டியைத் தேடணும்னா பொண்ணுங்க கல்யாணம் ஆகிப் போன வீட்டைத் தேடுங்க, பையன் வழிலயே போய்ட்டு இருக்காதீங்க. கனெக்டிகட் ஆத்துப் பக்கம் ஹேட்லி பெட்டின்னு சொல்ற செதுக்கு வேலைப் பெட்டிகள்ல பொண்ணோட பேரோட முதலெழுத்தையே முன்பக்கம் செதுக்கினாங்க, அது எதுக்குன்னு யோசிங்க. ரெடிமேட் வம்சாவளிப் புத்தகத்தை நம்பாதீங்க, குஸ்தாவ் அன்ஜூன்னு ஒருத்தர் பணக்காரங்களுக்குப் பொய் வம்சம் எழுதிக் குடுத்தே பொழச்சார், 1942ல இறந்துட்டார், அவர் எழுதின வம்சாவளிகள் இன்னும் இன்டர்நெட்ல காப்பி ஆகிட்டு இருக்கு.

முக்கியமானது, இன்வென்டரியோட நிறுத்திடாதீங்க. எக்ஸிக்யூட்டர், அதாவது உயிலை நிறைவேத்தறவர், கோர்ட்டுல கொடுத்த கணக்கு ஃபைல்ல இருக்கும், யாருக்கு என்ன கொடுத்தாங்கன்னு. அதை யாரும் பாக்கறதே இல்ல.

பாஸ்டன்_மருமகள்:

ஐயா, தேதிக்கு ரொம்ப ரொம்ப நன்றி. லங்காஸ்டர் தம்பி, எல்லாப் பக்கமும் படிச்சேன், ஆளுங்க பேர் யாரும் இல்ல. ராஜா அண்ணா, உங்க மனைவிகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க.

கணக்கு இருந்துச்சு, அதே ஃபைல்ல கடைசிப் பக்கம், ஓரம் கிழிஞ்சு. டாக்டருக்கு இவ்வளவு, சாவுக்கு வந்தவங்களுக்கு கையுறை, குடிக்க ரம். அப்புறம் "சவப்பெட்டிக்கு 6 ஷில்லிங்"னு போட்டு ஒரு பேர். அந்தப் பேரை எங்கயோ பாத்திருக்கேனேன்னு திரும்ப இன்வென்டரிக்குப் போனேன். கீழ கையெழுத்துப் போட்ட மூணு பேர்ல ரெண்டாவது ஆள். நிலப் பத்திரம் ஒண்ணுல அவரும் ஜாய்னர்னு இருக்கு.

அப்ப பட்டறைல நின்னு "முடிக்காத பெட்டி"ன்னு சொன்னது அவராத்தான் இருக்கும். மத்த ரெண்டு பேரும் வெறும் மரம்னு எழுதியிருப்பாங்க. அதே இன்வென்டரில முடிஞ்ச பெட்டி ஒண்ணுக்கு 10 ஷில்லிங் போட்டிருக்காங்க, இதுக்கு 5. எவ்வளவு வேலை முடிஞ்சிருக்குன்னு பாத்துப் போட்ட விலை.

கணக்குல பெட்டியை வித்ததா எங்கயும் இல்ல. உளிச்சத்தம் சார், டார்ச்சோட சனிக்கிழமை மெய்ன் போறேன், அந்த மூணாவது பலகையோட உள்பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்துப் போடறேன்.