வெப்கேமை ஆன் செய்தால் ஆடியோவில் படபட சத்தம்

நண்பர்களே, ஒரு உதவி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஸ்பீக்கரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), வெப்கேம், வெளி ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒரே யூஎஸ்பி ஹப்பில் தொங்குகின்றன. ஹப்புக்குத் தனி மின் அடாப்டர் கிடையாது, அது என் தப்புதான். சும்மா பாட்டு கேட்டால் பிரச்சினையே இல்லை. வெப்கேமை ஆன் செய்து, டிஸ்க்கில் ஃபைல் காப்பி ஆகத் தொடங்கியதும் படபடவென்று சத்தம், அப்புறம் ஒலி விட்டு விட்டு வருகிறது.

ஆடியோ பஃபரை (ஒலித் தரவைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) 128-லிருந்து 512 ஆக்கினேன், குறைந்தது, போகவில்லை. யூஎஸ்பி மின்சேமிப்பையும் அணைத்தாயிற்று. வெப்கேமைக் கழற்றினால் உடனே சரியாகிவிடுகிறது.

யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். ஐந்து சாதனங்களுக்கு அந்த மின்சாரம் போதவில்லையா, இல்லை அதன் நொடிக்கு 480 மெகாபிட் தரவுப் பாதையில் நெரிசலா? எப்படிக் கண்டுபிடிப்பது? அடாப்டர் உள்ள ஹப் போதுமா, தனி யூஎஸ்பி கார்டே போட வேண்டுமா?